விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடி

கண்ணாடி மூன்றாவது முறையாக உடைந்திருந்தது.

பாதி சுவரில் ஒட்டியபடியே இருந்தது. மீதி கீழே கல்தரையில் நொறுங்கிக் கிடந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் சின்னவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். படித்த படிப்பும் பார்த்த வேலையும் அவள் கண்முன்னால் கரைந்து கொண்டிருந்தன.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். வெளியே அவள் இன்ஜினியர். பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் துறையில் இந்தக் கடற்கரைப் பக்கம் முழுக்க அவள் பொறுப்பு. இடிந்த கோட்டை, கூரையில்லாத பண்டகசாலை, துருப்பிடித்த பீரங்கி என்று எத்தனையோ இருந்தாலும், அவள் தூக்கத்தைக் கெடுப்பது இந்தக் காவல் கோபுரம்தான். ஒரு காலத்தில் கடலில் எதிரிக் கப்பல் வருகிறதா என்று பார்க்கக் கட்டியது. எந்த ராஜா கட்டினான் என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி. இப்போது ராஜாவும் இல்லை, எதிரியும் இல்லை. வருகிறவர்கள் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கோபுரத்தை நிஜமாகவே அனுபவிப்பது பறவைகள்தான். கடல் பக்கத்து ஜன்னலில் புறாக்கள், வயல் பக்கத்து ஜன்னலில் மைனாக்கள், உச்சியில் ஒரு பருந்து. கொக்குகள் மட்டும் வயலிலிருந்து கிளம்பி, இந்தக் கூட்டமே வேண்டாம் என்பதுபோல் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு உப்பளத்துக்குப் போகும்.

இவ்வளவு ஜனத்தொகையைத் தாங்குகிற கோபுரத்தில், நடு அறையில், வயல் பக்கத்து ஜன்னலின் மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பிப் பக்கவாட்டில் ஓடியது. விரிசல் பழையது. பழைய விரிசல் தப்பில்லை, வயசானால் முகத்தில் சுருக்கம் வருகிற மாதிரிதான். அது வளர்கிறதா என்பதே கேள்வி. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் குழைத்து அப்பிவிட வேண்டும். சுவர் கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணாடி வளையாது, உடைந்துவிடும். உடையாமல் இருந்தால் சுவர் சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் ஒட்டிய கண்ணாடி கொஞ்சம் தடிமன். அது பாட்டுக்கு மாதக்கணக்கில் இருந்தது. சின்னவளுக்குத்தான் பொறுக்கவில்லை. எதையும் ஒன்றுக்கு இரண்டாகச் செய்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். மயிரிழை நகர்ந்தாலும் தெரிய வேண்டும் என்று, கண்ணாடிக் கடையில் சொல்லி, கையில் எடுக்கவே பயமாக இருக்கும் அளவுக்கு மெல்லிசான துண்டுகளை வெட்டி வாங்கி வந்து மாற்றினாள். பழசைக் கழற்றித் தூரப் போட்டாள். புதுசு ஒட்டிச் சில நாளில் உடைந்தது. மறுபடி ஒட்டினாள். அதுவும் உடைந்தது.

மேலதிகாரி போனில் அதிகம் பேசாதவர். "இன்னொண்ணு ஒட்டிப் பாரும்மா. அதுவும் உடைஞ்சா நகருதுன்னுதான் அர்த்தம். மேல்பாதியை இறக்கிட வேண்டியதுதான். கீழ இருக்கிற வீடுங்களையும் எடுக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கீழே இருந்தது ஒரே ஒரு தெரு. அதில் கோபுரத்தின் நிழல் விழுகிற முதல் வீடு அவளுடைய அக்காவின் வீடு. முன்னறையில் அத்தானின் முடிதிருத்தும் கடை, பின்னால் குடித்தனம். அந்த வீட்டை வாங்குவதற்கு முன்னால் அக்கா அவளைக் கூட்டிவந்து காட்டி, "இது தலையில விழுந்துடாதுல்ல?" என்று கேட்டாள். அப்போது சின்னவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "நாமெல்லாம் போய்ச் சேர்ந்தப்புறமும் இது நிக்கும்க்கா" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள். யார் கேட்டார்கள் அந்த வசனத்தை! "நிக்கும்" என்று மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா என்று இப்போது தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அக்கா வீட்டை வாங்கினாள். அக்கா வாங்கியதைப் பார்த்துத்தான் பக்கத்து வீடுகளுக்கும் ஆள் வந்தது.

மேலதிகாரிக்குப் போன் பண்ண வேண்டும். போனை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். கை வரவில்லை. கடைசியில், போன் பண்ணுவதைத் தள்ளிப்போட ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காக மட்டும், பையிலிருந்து இன்னொரு கண்ணாடியை எடுத்தாள். பிளாஸ்டரைக் குழைத்தாள். ஒட்டிவிட்டு எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உடைவதானால் என் கண் முன்னால் உடையட்டும் என்று ஒரு வீம்பு. இதில் அறிவியல் எதுவும் இல்லை.

வெயில் ஏறியது. ஜன்னல் விளிம்பில் ஒரு மைனா வந்து நின்றது. இவளைப் பார்த்துத் தலையை ஆட்டி, வாடகை பாக்கி கேட்க வந்த ஆள் மாதிரி நாலு அதட்டல் போட்டுவிட்டுப் பறந்தது. திரும்ப வந்தது. திரும்ப அதட்டல். கொத்தனார் சாரம் கட்ட எப்போதோ விட்ட சதுர ஓட்டை ஒன்று விரிசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதிலிருந்து வைக்கோலும், நூலும், ஒரு பிளாஸ்டிக் பையின் காதும் எட்டிப் பார்த்தன. உள்ளே போகத்தான் வழி கேட்கிறது போலிருக்கிறது. சின்னவள் நகரவில்லை. அவளுக்கே போக இடமில்லாத நேரத்தில் மைனாவுக்கு எங்கே வழி விடுவது?

மத்தியானம் அக்கா படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"ஏண்டி, போன் அடிச்சா எடுக்க மாட்டியா? சுவரு எங்கயாவது ஓடிப் போயிடும்னு காவல் இருக்கியா?"

சின்னவள் தரையில் ஒதுக்கி வைத்திருந்த கண்ணாடித் தூளைக் காட்டினாள்.

அக்கா குனிந்து பார்த்தாள். அவள் முகம் ஒரு கணம் மாறி உடனே சரியாகிவிட்டது. "மறுபடியுமா?"

"மறுபடியும்தான். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் சொல்லியாகணும். சொன்னா தெருவையே காலி பண்ணச் சொல்லுவாங்க. உன் வீடுதான்க்கா முதல்ல."

"சொல்றதைச் சொல்லு. நான் அசைய மாட்டேன்" என்றாள் அக்கா. "உங்க அத்தான் கடையில வந்து உக்காருறவன் எல்லாம் இதையேதான் கேக்குறான். 'கோபுரம் விழப் போகுதாமே'ன்னு. அவரு கத்தியைக் கழுத்துல வச்சுக்கிட்டு, 'என் மச்சினிச்சி இன்ஜினியரு, ஆடாம உக்காரு'ங்கறாரு. கத்தி கழுத்துல இருக்கறப்போ எவன் எதிர்த்துப் பேசுவான்?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. "நான்தான்க்கா உன்னை இங்க கொண்டுவந்து மாட்டிவிட்டேன்."

"ஆமா, நீதான் தூக்கிட்டு வந்து வச்சே. நான் குழந்தை பாரு. எந்திரி, சாப்பிடு முதல்ல. இங்க வேணாம், காத்துல மண்ணு பறக்குது. சோறு திங்கிறோமா மண்ணு திங்கிறோமான்னே தெரியாது."

சுவரை விட்டு வர மனசில்லாமல்தான் சின்னவள் எழுந்தாள். படிக்கட்டு திரும்புகிற இடத்தில், வாசல் வளைவுக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். அங்கே காற்று இல்லை. அக்கா பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். சின்ன வயசில் கொடுத்த மாதிரியே, வாய் கொள்ளாத உருண்டையாக. அடைத்த வாயோடு சின்னவள் மேலதிகாரியிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

டக்.

இருவரும் நிமிர்ந்தார்கள். சத்தம் அறைக்குள்ளிருந்துதான் வந்தது.

டக். டக்.

சின்னவள் காதைத் தீட்டிக்கொண்டாள். சுவர் பேசுகிறது. கல் கல்லோடு உரசினால் இப்படித்தான் முதலில் சத்தம் வரும் என்று எங்கோ படித்தது எல்லாம் மண்டைக்குள் ஒன்றாகக் கூடிக் கும்மியடித்தது. அக்கா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"ஓடலாமா?" அக்காவின் குரல் காற்றாக வந்தது.

"இரு."

டக் டக் டக் டக். இவ்வளவு அவசரமாக எந்தச் சுவரும் விரியாது. சின்னவள் தவழ்ந்து போய் வளைவின் ஓரமாகத் தலையை மட்டும் நீட்டினாள்.

மைனா சுவரில் தொற்றிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள் பூசிக்கொண்டு, கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணாடியைக் கொத்து கொத்தென்று கொத்தியது. இறங்கி ஜன்னல் விளிம்பில் நின்று மூச்சு வாங்கியது. எதிராளி என்ன செய்கிறான் என்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. அவனும் அதே மாதிரி தலையைச் சாய்த்து முறைத்தான் போலிருக்கிறது. அவ்வளவுதான், வந்தது ஆத்திரம். பாய்ந்து இரண்டு காலாலும் உதைத்தது.

சின்னவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் விரிசலின் இருட்டு. முன்னால் ஜன்னல் வெளிச்சம். அருமையான முகம் பார்க்கும் கண்ணாடி! அதைக் கொண்டுபோய் ஒரு குடும்பஸ்தனின் கூட்டு வாசலில், பெட்டை அடைகாக்கும் சமயமாகப் பார்த்து ஒட்டி வைத்தது யார்? இவள்தான். வீட்டு வாசலில் எந்நேரமும் ஒருத்தன் நின்று முறைத்தால் எந்த ஆம்பளை சும்மா இருப்பான்?

கடைசிக் கொத்தில் கண்ணாடி நடுவில் முறிந்தது. பாதி கீழே விழுந்தது. எதிராளி ஒழிந்தான் என்று தெரிந்ததும் மைனா நெஞ்சை நிமிர்த்தி ஒரு கூவல் கூவிவிட்டு ஓட்டைக்குள் நுழைந்தது. உள்ளேயிருந்து பெட்டையின் கொர்ரென்ற குரல் கேட்டது. பாராட்டா, "எத்தனை தடவைடா இவனை அடிப்பே" என்ற சலிப்பா, தெரியவில்லை.

சின்னவள் அப்படியே கல்தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். உயிர் போய் உயிர் வந்தது. சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது.

"அடப் பாவி மைனா!" என்றாள் அக்கா, சோற்றுக் கையை உதறிக்கொண்டே. "நான் அப்பவே நினைச்சேன்."

"என்னத்தை நினைச்சே? ஓடலாமான்னு கேட்டது யாரு?"

"அது உனக்காகக் கேட்டேன்."

மேலதிகாரிக்கு இப்போது போன் பண்ணக் கை தானாக வந்தது. விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னாள்.

"மைனாவா?"

"மைனாதான் சார். கையும் களவுமா பிடிச்சேன். சாட்சிக்கு எங்க அக்கா இருக்காங்க."

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. அவர் சிரித்து இவள் கேட்டதில்லை, அதனால் அது சிரிப்பா இருமலா என்று சொல்ல முடியவில்லை. பிறகு அவர் நிதானமாகக் கேட்டார்: "சரிம்மா. கண்ணாடியை உடைச்சது மைனான்னு காட்டிட்டே. சுவரு நகரலைன்னு காட்டிட்டியா?"

சின்னவளின் சிரிப்பு அங்கேயே நின்றது. அவர் கேட்டது நியாயம். இத்தனை நாளும் கண்ணாடி உண்மையும் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை. மைனாவின் வீட்டு விவகாரத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. கோபுரத்தைப் பற்றி அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

"மறைச்சு ஒண்ணு ஒட்டு. மழை வரும்ங்கறாங்க, அது முடியட்டும். அப்புறம் நானே வந்து பாக்கறேன்" என்றார் அவர்.

மறுநாள் கொத்தனாரைக் கூட்டி வந்து, புதுக் கண்ணாடி ஒன்றை ஒட்டி, அதற்கு மேல் சோப்பைக் குழைத்துப் பூசி மங்கலாக்கி, சுற்றிக் கம்பிவலையால் சின்னக் கூண்டு ஒன்று அடித்து வைத்தாள். கூட்டுக்குள் கைவைக்கக் கூடாது, ஓட்டையை அடைக்கக் கூடாது என்று கொத்தனாரிடம் கறாராகச் சொன்னாள். "பறவையை வெளியில விட்டுட்டு கண்ணாடியைக் கூண்டுல போடுறீங்களேம்மா" என்று அவர் ஆச்சரியப்பட்டார். மைனா ஒரு நாள் முழுக்கக் கூண்டைச் சுற்றிவந்து தேடியது. எதிராளியைக் காணவில்லை என்றதும் அதற்கே ஏமாற்றம் போல. பிறகு புழு பொறுக்கும் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

மழை வந்தது. சும்மா வரவில்லை, கடலையே தூக்கிக்கொண்டு வந்தது. காற்று கோபுரத்தின் ஜன்னல்களில் புகுந்து ஊதியது. புறாக்கள் உள்ளே ஒடுங்கிக்கொண்டன. கொக்குகள் வயல் வரப்பில் தலையை இழுத்துக்கொண்டு நின்றன. சின்னவள் தன் வாடகை அறையில் படுத்துக்கொண்டு, இந்த மழையில் ஊறித்தான் சுவர் நகரும், நகர்வதானால் இப்போதுதான் நகரும் என்று உருண்டு உருண்டு படுத்தாள். அக்காவிடம் தினமும் போனில் கேட்டாள். "ஏதாவது சத்தம் கேக்குதா?" "உங்க அத்தான் குறட்டைதான் கேக்குது. அதுக்கும் ஒரு கண்ணாடி ஒட்டு" என்றாள் அக்கா.

மழை விட்டு வெயில் அடித்து, சுவர் காய்ந்ததும் மேலதிகாரி வந்தார். படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். கொத்தனார் கூண்டைக் கழற்றினார். மேலதிகாரி ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்து, சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நிதானமாகப் பார்த்தார். பிளாஸ்டர் அப்பிய இடங்களை நகத்தால் தட்டினார். ஓட்டைக்குள்ளிருந்து குஞ்சுகளின் கீச்சுக் குரல் இடைவிடாமல் கேட்டது.

"ஒரு கீறல் இல்லை" என்றார் அவர். "நிக்குதும்மா. நல்லா நிக்குது."

அவ்வளவுதான் சொன்னார். சின்னவளுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அவர் இறங்கிப் போகும் வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு படிகளில் தடதடவென்று இறங்கினாள். தெருவைத் தாண்டி, அத்தானின் கடைக்குள் புகுந்து, சோப்பு நுரை பூசி உட்கார்ந்திருந்த ஆளைத் தாண்டி, "அத்தான், நிக்குது!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

"நிக்காம எங்க போகும்? என் மச்சினிச்சி இன்ஜினியராச்சே" என்று அத்தான் நாற்காலியில் இருந்தவரிடம் சொன்னார். ஆனால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"அக்கா! அக்கா! எங்க இருக்கே?"

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அக்கா பகலில் கதவைச் சாத்துகிறவள் இல்லை. சின்னவள் தள்ளித் திறந்தாள்.

அறை முழுக்க மூட்டைகள். புடவைகளை ஒரு பழைய போர்வையில் கட்டி வைத்திருந்தாள். பாத்திரங்கள் சாக்கில். படங்களைச் சுவரிலிருந்து கழற்றிச் செய்தித்தாள் சுற்றி, அட்டைப் பெட்டியில் நிறுத்தியிருந்தாள். அலமாரி காலி. தையல் மெஷினின் தலையைக் கழற்றித் தலையணை உறைக்குள் போட்டிருந்தாள். எல்லாவற்றிலும் கயிறு, அதற்கு மேல் இன்னொரு கயிறு. நடுவில், மீதி இருந்த ஒரே பாயில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அசைய மாட்டேன் என்று சொன்ன அதே அக்கா.

சின்னவள் ஒரு மூட்டையின் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "எப்பக்கா கட்டினே?"

"ரெண்டாவது கண்ணாடி உடைஞ்சப்பவே."

"அப்புறம் ஏன் அசைய மாட்டேன்னு..."

"பின்ன என்னடி சொல்லச் சொல்றே?" அக்கா சிடுசிடுத்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. "நான் மூட்டை கட்டுறதை யாராவது பாத்தா தெரு சும்மா இருக்குமா? கூடப் பொறந்தவளே நம்பலைன்னா மத்தவன் எப்படி நம்புவான்? உன்னை ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுல்ல. அதான் கதவைச் சாத்திக்கிட்டுக் கட்டினேன். நான் பாத்திரத்தைச் சாக்குல போடறப்போல்லாம் சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு உங்க அத்தான் கடையில ரேடியோவைச் சத்தமா வச்சாரு."

சின்னவள் அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுதாள். அக்காவும் அழுதாள். இத்தனை நாளும் பயந்தது தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்ததற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

"மைனாதான்னு தெரிஞ்சப்புறமாவது பிரிச்சிருக்கலாமே" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மைனாவைப் பாத்தேன். ஆனா நீ 'நிக்கும்'னு சொல்லலையே."

"நிக்கும்க்கா."

"நல்லாப் பாத்துட்டியா?"

"நல்லாப் பாத்தாச்சு."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்து மூட்டையை இழுத்தாள். முடிச்சை நகத்தால் நெம்பினாள், பல்லால் கடித்தாள். அவள் போட்ட முடிச்சு அவளுக்கே மசியவில்லை. சின்னவளும் ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள். முடிச்சு இன்னும் இறுகியது.

வாசலில் அத்தான் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கையில் கத்தரிக்கோல்.

"வெட்டிடவா?"

"ஐயோ, வேணாங்க!" அக்கா கயிற்றைக் கையால் மறைத்தாள். "நல்ல கயிறு. முழுசா இருக்கட்டும், திரும்ப எப்பவாவது..."

பாதியில் நிறுத்திவிட்டுத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். கயிற்றின் மேலிருந்து கையை எடுத்தாள்.

"வெட்டுங்க" என்றாள்.